வேரைப் பிடுங்கிப் பாருங்கள்: நூற்புழுவைக் கண்டறிந்து கட்டுப்படுத்த முழுமையான வழிகாட்டி

நண்பகலில் செடி துவண்டு நிற்கிறது. விரலை விட்டுப் பார்த்தால் மண்ணில் ஈரம் இருக்கிறது. வெயில் தாழ்ந்ததும் இலை நிமிர்ந்துகொள்கிறது. மறுநாள் உச்சிவேளையில் மறுபடியும் துவள்கிறது. நாளாக நாளாக இலை வெளிறுகிறது, பூ உதிர்கிறது, காய் சிறுக்கிறது. சத்துக் குறைவு என்று எண்ணி உரம் இடுகிறோம். கொஞ்சம் பச்சை திரும்பியது போலத் தெரியும்; பிறகு அதுவும் நிற்காது. அறுவடை முடிந்து செடியைப் பிடுங்கும்போதுதான், சல்லிவேர் இருக்க வேண்டிய இடத்தில் மணி கோத்தது போல முண்டும் முடிச்சுமாக வேர் கையில் வருகிறது.

அந்த வேரைப் பார்த்த பிறகு என்ன செய்வது, அதற்கு முன்பே எப்படிக் கண்டுகொள்வது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திறந்த நிலத்தில் ஒருமுறை குடியேறிய நூற்புழுவை அடியோடு ஒழிக்க இயலாது. அதன் எண்ணிக்கையைப் பயிர் தாங்கும் அளவுக்குக் கீழே வைத்திருக்க நிச்சயம் இயலும். ஒரு மருந்தை வாங்கி ஊற்றி அதைச் சாதிக்க முடியாது. சரியான நேரத்தில், சரியான வரிசையில் செய்யும் சில வேலைகளால்தான் அது கைகூடும். அவற்றில் பலவற்றுக்குக் காசு செலவே கிடையாது.

மண்ணுக்குள் நடப்பது என்ன

நூற்புழுவுக்கும் மண்புழுவுக்கும் உறவு இல்லை. மண்புழுவின் உடலில் வளையங்கள் உண்டு. நூற்புழுவின் உடல் கண்டமாகப் பிரியாத, நிறமற்ற, வழவழப்பான ஓர் இழை. பயிரைத் தாக்கும் இனங்களில் பெரும்பாலானவை 1 மி.மீ. நீளத்தைக்கூட எட்டுவதில்லை. நல்ல மண் ஒரு கைப்பிடி எடுத்தால் அதில் ஆயிரக்கணக்கில் இருக்கும், ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியாது.

அந்த ஆயிரத்தில் எல்லாமே எதிரிகள் அல்ல. பாக்டீரியாவை உண்பவை, பூஞ்சாணத்தை உண்பவை, பிற நூற்புழுக்களையே வேட்டையாடுபவை, பூச்சிப்புழுக்களைக் கொல்பவை என்று பல வகை உண்டு. பாக்டீரியாவை உண்பவை அதில் இருந்த தழைச்சத்தைக் கழிவாக வெளியேற்றுகின்றன. பயிர் அதை எடுத்துக்கொள்கிறது. எனவே மண்ணில் உள்ள அத்தனை நூற்புழுவையும் கொல்வது நம் இலக்கு அல்ல. அப்படிக் கொன்றால் வெறிச்சோடிய மண்ணில் முதலில் திரும்பிப் பெருகுவது பெரும்பாலும் பயிர் உண்ணும் இனமே. அதைத் தடுக்க அங்கே எதிரிகள் மிச்சம் இருக்காது.

பயிரைத் தாக்கும் நூற்புழுவின் வாயில் ஓர் ஊசி இருக்கும். மருத்துவ ஊசி போல நடுவில் துளை கொண்ட அந்த உறுப்பை வேரின் செல்லுக்குள் குத்தி, உமிழ்நீரைச் செலுத்தி, சாற்றை உறிஞ்சுகிறது. எங்கிருந்து உறிஞ்சுகிறது என்பதை வைத்து இவற்றை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். சில மண்ணிலேயே இருந்துகொண்டு வேரை வெளியிலிருந்து குத்துகின்றன. சில வேருக்குள் புகுந்து அலைந்துகொண்டே திசுக்களைக் குடைந்து செல்கின்றன. வேர் அழுகல் நூற்புழு, வாழையைச் சாய்க்கும் குடையும் நூற்புழு இந்த வகை. இன்னும் சில உள்ளே போய் ஓரிடத்தில் நிலைத்துவிடுகின்றன. வேர்முடிச்சு நூற்புழுவும் முட்டைக்கூடு நூற்புழுவும் அப்படிப்பட்டவை. உலகெங்கும் பெரும் சேதம் விளைவிப்பவை இந்த மூன்றாம் வகையினரே.

வேர்முடிச்சு நூற்புழுவின் வாழ்க்கையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு வேலையும் இந்தச் சுழற்சியின் ஏதோ ஒரு கண்ணியை அறுப்பதற்காகத்தான்.

முட்டைக்குள்ளேயே ஒருமுறை தோலுரித்து, இரண்டாம் நிலை இளம்புழுவாக வெளியே வருகிறது. இந்த நிலையில் மட்டுமே அது வேரைத் தாக்கும். மண் துகள்களுக்கு இடையே உள்ள நீர்ப்படலத்தில் நீந்தி, வேரின் வாசனையைத் தொடர்ந்து, வேர்நுனிக்குச் சற்றுப் பின்னால் உள்ளே நுழைகிறது. நுழைந்து ஓரிடத்தில் அமர்ந்ததும், தலையைச் சுற்றியுள்ள சில செல்களைத் தன் உமிழ்நீரால் மாற்றிவிடுகிறது. அவை பிரியாமலேயே பெருத்து, பல உட்கருக்கள் கொண்ட ராட்சத செல்களாகின்றன. இலை தயாரித்து அனுப்பும் உணவு காய்க்குப் போகாமல் இங்கே இறங்குகிறது. சுற்றியுள்ள திசுவும் வீங்குகிறது; அதுதான் நாம் காணும் முடிச்சு. புழு நூல் வடிவை இழந்து, பேரிக்காய் வடிவில் உப்பி, அசையாத பெண்ணாகிறது. மண் வெப்பம் 27 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால், ஏறத்தாழ 25 முதல் 30 நாட்களில் பசை போன்ற ஒரு பைக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகளை இட்டுவிடுகிறது. பெரும்பாலான இனங்களில் இதற்கு ஆண் துணையே தேவையில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு மாதப் பயிரில் மூன்று, நான்கு தலைமுறை. நடவின்போது மண்ணில் சில புழுக்கள் இருந்தாலே அறுவடையின்போது பெரும்படை தயார். அதனால்தான் சேதம் ஒரு பருவத்தில் தெரியாமல் இருந்து அடுத்த பருவத்தில் திடீரென்று வெடிக்கிறது.

படி 1: மேலே சந்தேகம், கீழே சாட்சி

நிலத்தில் முதல் அடையாளம் திட்டுத்திட்டான வளர்ச்சி. வயல் முழுக்க ஒரே சீராக மஞ்சள் பாய்ந்திருந்தால் சத்துக் குறையாகவோ நீர்க்குறையாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். நூற்புழு அங்கங்கே திட்டாகத் தொடங்கும். உழவு போகும் திசையில் அந்தத் திட்டு நீளும். மணற்பாங்கான பகுதியில் முதலில் தெரியும்.

சந்தேகம் வந்ததும் செடியைத் தோண்டி எடுக்க வேண்டும். இழுத்தால் சல்லிவேர் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும், சாட்சியும் அதோடு போய்விடும். மண்வெட்டியால் சுற்றிலும் அகலமாகத் தோண்டி, மண்கட்டியோடு தூக்கி, ஒரு வாளி நீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். முற்றிலும் செத்த செடி வேண்டாம். திட்டின் ஓரத்தில் பாதி வாடிய செடிதான் உண்மையைச் சொல்லும். செத்த வேரில் புழு தங்காது.

பயறு வகைகளில் ஒரு குழப்பம் வரும். ரைசோபியம் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவின் முடிச்சும் வேரில்தான் இருக்கும். நகத்தால் தள்ளிப் பாருங்கள். ரைசோபியம் முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், எளிதில் உதிரும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சில் வேரே பருத்திருக்கும்; பிய்த்தால் வேர் அறுபடுமே தவிர முடிச்சு தனியாக வராது.

ஒரு கைலென்ஸ் இருந்தால் இன்னொன்றையும் செய்து பாருங்கள். முதிர்ந்த முடிச்சின் மேற்பரப்பில் கடுகைவிடச் சிறிதாக, தேன் நிறத்தில் பசைத் துளி ஒன்று ஒட்டியிருக்கும். அதுதான் முட்டைத்திரள். முடிச்சைக் கூரிய ஊசியால் மெதுவாகக் கீறித் திறந்தால், குண்டூசித் தலை அளவில் முத்துப் போலப் பளபளக்கும் வெண்மணி ஒன்று வெளியே உருளும். அதுவே பெண் புழு. நான் முதன்முதலில் அதைப் பார்த்த அன்று, ஒரே செடியின் வேரில் எண்ணிக்கொண்டே போய் நூறைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு வேரைப் பார்க்காமல் எந்தச் செடிக்கும் நான் மருந்து வாங்கியதில்லை.

முடிச்சு இல்லை என்பதால் நூற்புழு இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வேர் அழுகல் நூற்புழு முடிச்சே உண்டாக்காது. வேரில் செம்பழுப்புக் கீற்றுகளும், பிறகு கருத்து அழுகிய திட்டுகளும் தெரியும். வாழையின் வேரை நீளவாக்கில் பிளந்தால் உட்பட்டையில் செங்கருப்பு நிறம் ஓடியிருந்தால், குடையும் நூற்புழு என்று சந்தேகிக்கலாம். நெல்லில் வேர்நுனி கொக்கி போல வளைந்து பருத்திருக்கும். முட்டைக்கூடு நூற்புழுவில் வேரின் மேல் வெள்ளை, மஞ்சள், பழுப்பு நிறத்தில் நுண்மணிகள் ஒட்டியிருக்கும்.

படி 2: மண் மாதிரி எடுத்தல்

இனம் தெரியாமல் பயிர்ச்சுழற்சி திட்டமிடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது போன்றது. ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்ப வாய்ப்புள்ளவர்கள் அதைச் செய்தே ஆக வேண்டும்.

பயிர் முடியும் தறுவாயில் எடுப்பது மிகச் சிறந்தது. புழு எண்ணிக்கை அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். மண் புட்டுப் பதத்தில் இருக்க வேண்டும். சேறாகவோ புழுதியாகவோ இருக்கும்போது வேண்டாம். மேல் மண்ணை 3 செ.மீ. அளவு ஒதுக்கிவிட்டு, வேர் படர்ந்திருக்கும் 15 முதல் 30 செ.மீ. ஆழம் வரை எடுங்கள். வயலில் வளைந்து வளைந்து நடந்து, 15 முதல் 20 இடங்களில் எடுத்து ஒரு வாளியில் மெதுவாகக் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோ மண்ணும் ஒரு கைப்பிடி சல்லிவேரும் பிரித்துக்கொள்ளுங்கள். நன்றாக இருக்கும் பகுதியிலிருந்து ஒன்று, வாடிய திட்டின் ஓரத்திலிருந்து ஒன்று என இரண்டு மாதிரிகள் தனித்தனியே அனுப்பினால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

இதன் பிறகு செய்யும் பிழைதான் பெரும்பாலான மாதிரிகளைக் கெடுக்கிறது. மாதிரியை வெயிலில் உலர்த்துவதோ, மூடிய வண்டிக்குள் வெயிலில் விட்டுவைப்பதோ புழுக்களைக் கொன்றுவிடும். சத்துப் பரிசோதனைக்கு மண்ணை உலர்த்துவோம். இங்கே உலர்த்தவே கூடாது. பாலித்தீன் பையில் கட்டி, நிழலில், குளிர்ச்சியான இடத்தில் வைத்துச் சில நாட்களுக்குள் அனுப்புங்கள். உறைய வைக்கவும் கூடாது. இப்போதைய பயிர், முந்தைய பயிர், அடுத்து நட நினைக்கும் பயிர் மூன்றையும் சீட்டில் எழுதுங்கள்.

அறிக்கை வரும்போது எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் இனத்தின் பெயரையும் பாருங்கள். காய்கறிகள் பலவற்றுக்கு, நடவுக்கு முன் ஒரு கிராம் மண்ணில் ஒன்றிரண்டு வேர்முடிச்சு இளம்புழு இருந்தாலே கவலைப்பட வேண்டிய நிலை. வெளியிலிருந்து உறிஞ்சும் இனங்கள் சிலவற்றில் அதைவிடப் பல மடங்கு இருந்தும் பயிர் தாங்கிக்கொள்ளும்.

படி 3: ஆய்வகம் இல்லாதவர்களுக்கு இரண்டு சோதனைகள்

முதல் சோதனைக்கு ஒரு தட்டு, அதில் அமரும் அகலமான சல்லடை, மெல்லிய திசுத்தாள் போதும். சல்லடையில் தாளை விரித்து, கட்டி உடைத்த ஈரமண்ணை விரல் தடிமனுக்கும் குறைவாகப் பரப்புங்கள். மண்ணின் அடிப்புறம் மட்டும் நனையும் அளவுக்குத் தட்டின் ஓரமாக நீர் ஊற்றி, 24 முதல் 48 மணி நேரம் அசைக்காமல் நிழலில் வையுங்கள். உயிருள்ள புழுக்கள் தாளின் வழியே நெளிந்து நீரில் இறங்கிவிடும். சல்லடையைத் தூக்கிவிட்டு, அந்த நீரை உயரமான கண்ணாடிக் குவளையில் சில மணி நேரம் தெளியவிட்டு, அடியில் தங்கிய சில சொட்டுகளை நுண்ணோக்கியில் பாருங்கள். பள்ளி மாணவர்கள் பயன்படுத்தும் எளிய நுண்ணோக்கியே போதும். துள்ளித் துள்ளி நெளிபவை பெரும்பாலும் பாக்டீரியா உண்பவை. மெதுவாக, பாம்பு ஊர்வது போல வளைபவற்றின் தலைப்பக்கத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வாயினுள் பளிச்சென்ற சிறு ஊசி, அதன் அடியில் குமிழ் தெரிந்தால் அது பயிர் உண்ணும் இனமாக இருக்கலாம்.

இரண்டாவது சோதனையை நான் இன்னும் அதிகமாக நம்புகிறேன், ஏனென்றால் பயிரே அதில் பதில் சொல்கிறது. சந்தேகமுள்ள மண்ணை மூன்று சிறு தொட்டிகளில் நிரப்புங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, அதே மண்ணை நன்றாகச் சூடேற்றி ஆறவைத்து இன்னும் இரண்டு தொட்டிகளில் நிரப்புங்கள். எல்லாவற்றிலும் எதிர்ப்புத் திறன் இல்லாத தக்காளி அல்லது வெள்ளரி விதையை ஊன்றி, 5 அல்லது 6 வாரம் வளர்த்து, வேரை அலசிப் பாருங்கள். முடிச்சே இல்லையென்றால் 0. ஒன்றிரண்டு இருந்தால் 1. 3 முதல் 10 வரை 2. 11 முதல் 30 வரை 3. 31 முதல் 100 வரை 4. நூறுக்கு மேல் 5. இந்த மதிப்பெண்ணைத் தேதியோடு எழுதி வையுங்கள். வேர்முடிச்சு நூற்புழுவுக்கு மட்டுமே இந்தச் சோதனை பொருந்தும்.

படி 4: பயிர் முடிந்த அன்றே வேரை எடுத்துவிடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

கடைசிப் பறிப்பு முடிந்ததும் செடியை அப்படியே விட்டுவிடுவது வழக்கம். மேலே காய்ந்தாலும் கீழே வேர் பல வாரம் உயிரோடு இருக்கும். அந்த வாரங்களில்தான் கடைசித் தலைமுறை முழுதாகப் பெருகி முட்டையிடுகிறது. நுனியை வெட்டிவிட்டு அடித்தண்டை விட்டால், அது தழைத்து இன்னும் நன்றாக உணவளிக்கும். பறிப்பு முடிந்த அன்றோ மறுநாளோ வேரோடு தோண்டி எடுத்துவிட்டால் ஒரு முழுத் தலைமுறையே நின்றுபோகிறது.

எடுத்த வேரை நிலத்திலேயே மடக்கி உழக் கூடாது, எருக்குழியிலும் போடக் கூடாது. குழி சரியான சூட்டை எல்லாப் பக்கமும் எட்டாவிட்டால் முட்டைகள் பிழைத்து, உரத்தோடு சேர்ந்து நிலம் முழுக்கப் பரவும். கடும் வெயிலில் பரப்பி முறுமுறுவென்று காயவிட்டு அப்புறப்படுத்துங்கள். பிறகு இரண்டு வார இடைவெளியில் இரண்டு மூன்று முறை கோடை உழவு செய்யுங்கள். புரண்டு மேலே வரும் மண்ணிலுள்ள இளம்புழுக்களும் முட்டைகளும் வெயிலில் உலர்ந்து மடியும்.

நிலத்தைச் சும்மா போடுவதென்றால் உண்மையிலேயே வெறுமையாகப் போட வேண்டும். மணத்தக்காளி, பருப்புக்கீரை, முள்ளுக்கீரை போன்ற களைகள் பல வேர்முடிச்சு நூற்புழுவுக்கு நல்ல விருந்து. களை மண்டிய தரிசு, புழுவின் பார்வையில் தரிசே அல்ல.

படி 5: வெயிலையும் நீரையும் வேலை வாங்குதல்

வெப்பமூட்டல் எளிய முறை. ஆனால் அரைகுறையாகச் செய்தால் பலனே இருக்காது. ஆண்டின் மிகக் கடும் வெயில் காலத்தைத் தேர்ந்தெடுங்கள். கட்டியின்றி மண்ணைப் பொடியாக்கிச் சமப்படுத்தி, ஓர் அடி ஆழம் வரை ஈரம் இறங்கும்படி நீர் பாய்ச்சுங்கள். ஈரமண் வெப்பத்தைக் கீழே கடத்தும். ஈரத்தில் விழித்திருக்கும் புழுவும் எளிதில் சாகும். அதன் மேல் 25 முதல் 50 மைக்ரான் தடிமனுள்ள ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளை மண்ணோடு ஒட்டி விரித்து, நான்கு ஓரங்களையும் மண்ணில் புதைத்து மூடுங்கள். கறுப்புத் தாள் வேண்டாம். அது வெப்பத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். 4 முதல் 6 வாரம் பிரிக்காமல் விடுங்கள். வேர்முடிச்சு நூற்புழுவின் முட்டையும் இளம்புழுவும் 42 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு நாளுக்குள் மடிந்துவிடும். இன்னும் சூடேறினால் நேரம் வெகுவாகக் குறையும்.

இந்தச் சூடு மேல் 15 செ.மீ. வரைதான் நன்றாக வேலை செய்யும். தாளை எடுத்த பிறகு ஆழமாக உழுதால் கீழே பிழைத்திருப்பவற்றை நீங்களே மேலே கொண்டுவந்து விடுவீர்கள். லேசாகக் கிளறி நட்டுவிடுங்கள். குறுகிய காலக் காய்கறிக்கும் நாற்றங்காலுக்கும் இது அருமையான முறை. ஆழமாக வேர்விடும் மரத்துக்கு இதை மட்டும் நம்ப முடியாது.

தொட்டியிலும் பையிலும் வளர்ப்பவர்களுக்கு இது இன்னும் எளிது. ஈர மண்ணைச் சிறு பைகளில் கட்டி ஒளி ஊடுருவும் கூடாரத்துக்குள் வெயிலில் வைத்து, நடுமண் 60 டிகிரியை எட்டி ஒரு மணி நேரம் நின்றால் போதும். வெப்பமானியைப் பையின் நடுவில் செருகி உறுதி செய்துகொள்ளுங்கள்.

நீர் வசதி உள்ள இடத்தில், நிலத்தை இரண்டு மூன்று வாரம் நீரில் மூழ்கடித்து, பிறகு காயவிட்டு, மீண்டும் மூழ்கடிப்பதும் எண்ணிக்கையைக் குறைக்கும். நெல்லைத் தாக்கும் வேர் நூற்புழுக்கள் நீரிலேயே வாழப் பழகியவை. அவற்றுக்கு இது எதிராகாது.

படி 6: எதற்குப் பின் எது

பயிர்ச்சுழற்சி என்றாலே போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. தக்காளிக்குப் பின் கத்தரி, அதற்குப் பின் வெண்டை, பிறகு பாகல் என்று மாற்றினால் நமக்குத்தான் அது சுழற்சி. வேர்முடிச்சு நூற்புழுவுக்கு ஒரே பந்தியில் நான்கு இலை. அதன் முக்கிய இனமான மெலாய்டோகைன் இன்காக்னிட்டா ஆயிரக்கணக்கான தாவரங்களில் பெருகக்கூடியது.

இனம் தெரிவது இங்கேதான் கைகொடுக்கும். இன்காக்னிட்டா நிலக்கடலையில் பெருகாது. எனவே அதற்கு நிலக்கடலை நல்ல மாற்றுப்பயிர். அதே குடும்பத்தைச் சேர்ந்த மெலாய்டோகைன் அரினேரியாவின் ஒரு வகை நிலக்கடலையிலேயே கொழித்துப் பெருகும். இரண்டும் வேரில் ஒரே மாதிரி முடிச்சைத்தான் உண்டாக்கும். முட்டைக்கூடு நூற்புழுவின் கதை வேறு. அது தாக்கும் பயிர்கள் மிகச் சில என்பதால் சுழற்சிக்கு நன்றாகக் கட்டுப்படும். பொறுமை மட்டும் நிறைய வேண்டும். தாய்ப்புழுவின் உடலே கெட்டிக்கூடாக மாறி முட்டைகளைக் காப்பதால், உருளைக்கிழங்கைத் தாக்கும் இனம் பயிரே இல்லாமல் மண்ணில் 20 ஆண்டுக்கு மேலும் உயிரோடு இருக்க முடியும்.

சணப்பையை இடைப்பருவத்தில் விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவது வேர்முடிச்சு நூற்புழு உள்ள நிலத்துக்கு நான் முதலில் பரிந்துரைப்பது. புழு அதில் மிகக் குறைவாகவே பெருகும், மண்ணுக்குத் தழைச்சத்தும் சேரும். செண்டுமல்லியைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டும். அதன் வேரில் நூற்புழுவைக் கொல்லும் ஆல்ஃபா டெர்தைனில் என்ற பொருள் இருப்பது உண்மை. அது முக்கியமாக உயிருள்ள வேருக்கு உள்ளேயும் அதை ஒட்டியும்தான் வேலை செய்கிறது. எனவே பாத்தி ஓரத்தில் நான்கு செடி நட்டால் காய்கறியின் வேருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. தக்காளி நட வேண்டிய இடத்தில், தக்காளிக்கு முன், நெருக்கமாக இரண்டு மூன்று மாதம் செண்டுமல்லியை மட்டுமே வளர்க்க வேண்டும். கடுகு வகைகளைப் பசுந்தாளாக மடக்குவதிலும் நுணுக்கம் உண்டு: பொடியாக நறுக்கி, உடனே மண்ணில் கலந்து, உடனே நீர் விட்டு மூடினால்தான் புழுவைத் தாக்கும் காரமான ஆவி மண்ணுக்குள் தங்கும். அந்தக் கடுகே புழுவுக்கு இரையாகக்கூடியது என்பதால் நாள் கடத்தாமல் மடக்க வேண்டும்.

படி 7: எதிர்ப்புத் திறனும் ஒட்டுச்செடியும்

எதிர்ப்புத் திறன் வேறு, தாங்கும் திறன் வேறு. எதிர்ப்புத் திறன் உள்ள ரகத்தில் புழு பெருகாது. தாங்கும் ரகம் நல்ல விளைச்சல் தரும். ஆனால் அதன் வேரில் புழு பெருகிக்கொண்டே இருக்கும், அடுத்த பயிர் அதற்கு விலை கொடுக்கும். விதை வாங்கும்போது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தக்காளி விதை உறையில் எதிர்ப்புத் திறனைக் காட்டும் ஆங்கில எழுத்துகளில் ‘என்’ (N) இருந்தால், அது நூற்புழுவைக் குறிக்கும். அந்தத் திறனைத் தரும் ‘எம்ஐ’ மரபணு காட்டுத் தக்காளி ஒன்றிலிருந்து வந்தது. மண் வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினால் அது தளர்ந்துவிடும். எனவே வெப்பமான பருவத்தில் அதை மட்டும் நம்பி நட்டுவிட்டு, ரகத்தைக் குறை சொல்வதில் பொருள் இல்லை.

கத்தரிக்குச் சுண்டைக்காய்ச் செடியை வேர்ச்செடியாக வைத்து ஒட்டுக் கட்டுவது நல்ல பலன் தருகிறது. ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலேயே இருக்கும்படி நடுங்கள். மண்ணில் புதைந்தால் மேல்செடியே வேர்விட்டு, புழுவுக்குப் புதுக் கதவைத் திறந்துவிடும்.

படி 8: வாசலிலேயே தடுத்தல்

நூற்புழு தானாக ஓர் ஆண்டில் ஒரு மீட்டர் தூரம் போவதே பெரிது. வயலிலிருந்து வயலுக்கு அதைக் கொண்டுபோவது நாற்று, கிழங்கு, கலப்பை, காலணி, ஓடும் நீர். எல்லாவற்றிலும் முதல் குற்றவாளி நாற்றுதான்.

ஒருமுறை வாங்கி வந்த தக்காளி நாற்றுகளை வேர் பார்க்காமல் நட்டுவிட்டேன். மூன்று வாரத்தில் வாடிய செடியைத் தோண்டிப் பார்த்தபோது, நாற்றுத்தட்டின் வடிவம் மாறாமல் இருந்த பழைய மண்ணுருண்டைக்குள் முடிச்சுகள் முதிர்ந்திருந்தன. அதைத் தாண்டி என் மண்ணில் படர்ந்த புது வேர் வெள்ளை வெளேரென்று இருந்தது. புழு எங்கிருந்து வந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. அந்தப் பாத்தியில் அதன் தொல்லை இன்றும் இருக்கிறது. ஆகவே நாற்று வாங்கும் இடத்திலேயே இரண்டு மூன்று நாற்றின் வேரை நீரில் அலசிப் பாருங்கள். ஒரே ஒரு முடிச்சு தெரிந்தாலும் மொத்தத் தட்டையும் மறுத்துவிடுங்கள்.

வாழைக் கன்றின் கிழங்கில் வேரையும் கருத்த பகுதியையும் வெண்மை தெரியும்வரை சீவி, 55 டிகிரி சுடுநீரில் 20 நிமிடம் வைத்து நடலாம். வெப்பமானி இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். இரண்டு மூன்று டிகிரி கூடினால் கன்று போய்விடும். திசு வளர்ப்புக் கன்று கிடைத்தால் இந்தச் சிரமமே இல்லை.

படி 9: மண்ணுக்கு நண்பர்களைச் சேர்த்தல்

வேப்பம் பிண்ணாக்கை ஒரு சதுர மீட்டருக்கு 100 கிராம் அளவில், நடவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே மண்ணில் கலந்து ஈரமாக வைத்திருக்கலாம். அது சிதையும்போது வெளிவரும் அம்மோனியாவும் வேம்பின் பொருட்களும் புழுவைத் தாக்குகின்றன. அதே அம்மோனியா இளநாற்றையும் சுடும் என்பதால்தான் அந்த இடைவெளி.

உயிரிகளில் பர்புரியோசிலியம் லிலாசினம், போக்கோனியா ஆகிய பூஞ்சாணங்கள் முட்டைக்குள் புகுந்து அழிக்கின்றன. பாஸ்டூரியா என்ற பாக்டீரியா இளம்புழுவின் தோலில் ஒட்டிக்கொண்டு, உள்ளே பெருகி, பெண் புழுவை மலடாக்குகிறது. சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா ஆகியவை வேரைக் காக்கின்றன. இவை உயிருள்ளவை என்பதை மறக்கக் கூடாது. காலாவதியான, வெயிலில் கிடந்த பொட்டலம் வெறும் மாவு. நன்கு மக்கிய தொழு உரத்தில் கலந்து, நிழலில் ஈரத்தோடு இரண்டு வாரம் பெருகவிட்டு, பிறகு நாற்றங்காலிலும் நடவுக்குழியிலும் இடுங்கள். பெருகி நிற்கும் புழுப்படையை ஒரே வாரத்தில் இவை வீழ்த்திவிடாது. எண்ணிக்கை குறைந்த மண்ணில், பருவம் தவறாமல் இட்டால்தான் இவற்றின் அருமை தெரியும்.

படி 10: இரசாயனம், கடைசியாக

இதன் வரலாறு வேதனையானது. ஒரு காலத்தில் உலகெங்கும் நூற்புழுவுக்குப் பயன்பட்ட டிபிசிபி என்ற மருந்து, அதைத் தயாரித்த தொழிலாளர்களை மலடாக்கியது 1977இல் தெரியவந்தது. மண்ணைப் புகையூட்டப் பயன்பட்ட மெத்தில் புரோமைடு ஓசோன் படலத்தைச் சிதைப்பதால் மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் விலக்கப்பட்டது. இப்போது ஃப்ளூபைரம், ஃப்ளூயென்சல்ஃபோன் போன்ற புதிய மருந்துகள் முந்தையவற்றைவிடக் குறைந்த நச்சோடு வந்துள்ளன. சோதனையில் எண்ணிக்கை அதிகம் என்று உறுதியாகி, பயிரும் அந்தச் செலவைத் தாங்கும் என்றால், உங்கள் பயிருக்கு அனுமதி உள்ளதை மட்டும், நடவுக்கு முன்போ நடவின்போதோ, உறையில் சொன்ன அளவிலும் அறுவடை இடைவெளியிலும் பயன்படுத்துங்கள். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். வேருக்குள் ஏற்கெனவே முடிச்சு கட்டி அமர்ந்த புழுவை எந்த மருந்தும் எளிதில் எட்டாது.

பயிர் நிற்கும்போது கண்டுபிடித்தால்

நடுப்பருவத்தில் முடிச்சைக் கண்டால் பதற வேண்டாம், குணப்படுத்த முயன்று பணத்தைக் கொட்டவும் வேண்டாம். வேரின் திறன் குறைந்துவிட்டது. குறைந்த வேருக்கு ஏற்றபடி உணவும் நீரும் கொடுங்கள். ஒரேயடியாகப் பாய்ச்சாமல் குறைவாக, அடிக்கடி பாய்ச்சுங்கள். உரத்தையும் சிறு சிறு பங்காகப் பிரியுங்கள். மூடாக்குப் போட்டு மண்ணைக் குளிர வையுங்கள். தக்காளி போன்ற செடிகளுக்கு அடித்தண்டில் மக்கிய உரம் கலந்த மண்ணை அணைத்தால் புதிய வேர் விடும். வாடல் நோய்ப் பூஞ்சாணமும் பாக்டீரியாவும் புழு குத்திய வேரில் எளிதில் புகும் என்பதால், நிரந்தரமாக வாடிய செடியைத் தயங்காமல் வேரோடும் மண்ணோடும் அகற்றுங்கள். கிடைக்கிற விளைச்சலை எடுத்துக்கொண்டு, பறிப்பு முடிந்த அன்றே நான்காம் படியைத் தொடங்குங்கள்.

அப்படிப் பிடுங்கும்போது ஒவ்வொரு பாத்தியிலும் ஐந்து செடியின் வேருக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் கொடுத்து, நிலத்தின் வரைபடம் ஒன்றில் குறித்து வையுங்கள். 3 அல்லது அதற்கு மேல் வந்த பாத்தியின் நான்கு மூலையிலும் குச்சி நடுங்கள். அடுத்த பருவத்தில் அந்தக் குச்சிகளுக்கு உட்பட்ட இடத்தைக் கடைசியாக உழுங்கள், நீரையும் கடைசியாகவே அங்கே விடுங்கள், அங்கிருந்து வெளியே வரும் மண்வெட்டியையும் காலணியையும் கழுவிய பிறகே அடுத்த பாத்தியில் கால் வையுங்கள்.